சொல்லாமல் அணைந்த டார்ச்

ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன் நான். மனைவி மரியா மலைமேல் செம்மநத்தத்தில் இருக்கிறாள். சில மாதங்களுக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும்.

எட்டாவதோடு படிப்பு நின்றாலும் எனக்கு ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரியும். தீர்ந்துபோச்சென்று கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்ட ஒற்றை செல்லில் எல்.இ.டி. எரியாது, வோல்டேஜ் போதாது. அதை உயர்த்தித் தர ஒரு சின்ன பூஸ்டர் போர்டை இணைத்து டார்ச் செய்தேன். பளிச்சென்று எரிந்தது. மரியாவிடம் காட்டும் ஆசையில், வருவதாகப் போனில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. போனிலும் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஊருக்கு மேலே உள்ள வளைவில் டார்ச் பட்டென்று அணைந்தது. பழைய குண்டு பல்பு மங்கி மங்கி எச்சரிக்கும். பூஸ்டர் கடைசிவரை ஒரே வெளிச்சம் தந்துவிட்டு, சொல்லாமல் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் செல்லைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, தட்டுத்தடுமாறி ஓரடி வைத்தேன். காலடியில் மண் சரிந்தது.

"ஏனுங்க, அசையாதீங்க! பள்ளமுங்க!"

மரியா போன் வெளிச்சத்தோடு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாசல்ல நின்னு உங்க வெளிச்சத்தையே பாத்துட்டிருந்தனுங்க. பொசுக்குன்னு காணோம். செத்த செல்ல நம்பி வந்தீங்களாக்கும்?"

இப்போது மலையேறும்போது சட்டைப்பையில் புது செல் இருக்கும். செத்த செல்களை லாரியில் படுக்குமிடத்தில் மட்டும் எரிக்கிறேன். அது அணையும்போதெல்லாம், யாராவது ஓடிவருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.