‘கடைசிப் பாதை’ எடுத்த வதனி

அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சுபாதான் எடுத்திருந்தார், எங்கள் தொலைக்காட்சி நாடகத்தில் தாதியாக நடித்தவர். “நானா, வதனியக்கா போயிட்டா” என்றார். நோய் முற்றிவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்ததால் எதுவும் இலகுவாகிவிடவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கிண்ணியாவிலிருந்து பாலத்தைக் கடந்து அன்புவழிபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கதிரைகள் நிறைய ஆட்கள். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரீவியில வாற அந்தப் பெரிய வீட்டு மாமியாரின்ர குரல் இவதானாம். உனக்குத் தெரியுமே?”

“எனக்கும் இப்பத்தான் சொல்லிச்சினம். நான் ஆரோ இந்தியாக்காரி எண்டெல்லோ நினைச்சனான். என்ன திட்டுத் திட்டுவா!”

வேற்றுமொழித் தொடர் ஒன்றின் தமிழ் வடிவத்தில், மருமகளை விரட்டும் மாமியாருக்கு வதனி பல வருடங்கள் பின்னணிக் குரல் கொடுத்தார். ஊருக்கு இப்போது அவர் அந்தக் குரல்தான். சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் அந்தத் தொடரின் பெயரே பெரிதாக இருந்தது. அவர் இயக்கிய ‘கடைசிப் பாதை’ நாடகத்தின் பெயரை நான் எங்கும் காணவில்லை. வதனியை அறிந்த உங்களில் சிலர் அந்த நாடகத்தைப் பார்த்திருப்பீர்கள். பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் வதனிக்கே பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, “கதை எழுதுற நானாவின்ர வீடு இதுவோ?” என்று கேட்டார். எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றும் அக்காவை ராத்தா என்றும் அழைப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அப்போது பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சஞ்சிகைகளில் ஏதோ நாலைந்து சிறுகதைகள் வந்திருந்தன. கொழும்பில் ஒரு தொலைக்காட்சியில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார் வதனி. என்னைவிட வயதில் நன்றாக இளையவர். தேத்தண்ணி வருவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“கதை என்னட்ட இருக்கு நானா. கதைக்கிறதுக்குத்தான் ஆள் வேணும். கிண்ணியாப் பொம்பிளையள் குசினிக்குள்ள என்ன கதைப்பினம் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதக் கூடாது.”

அவர் சொன்ன கதை இதுதான். பாலம் கட்டுவதற்கு முன்னர் கிண்ணியாவுக்கும் திருகோணமலை நகரத்துக்கும் இடையே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய தட்டையான பெரிய மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். நகரத்தைச் சேர்ந்த தமிழ்த் தாதி ஒருத்தி கிண்ணியா ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க நின்று, கடைசிப் பாதையைத் தவறவிடுகிறாள். அன்றிரவே கலவரம் மூண்டு பாதை நின்றுவிடுகிறது. காய்ச்சலோடு படுத்திருக்கும் அவளுடைய சின்ன மகன் அக்கரையில். அவளோ இக்கரையில், ஒரு முஸ்லிம் வீட்டில். பாதை மறுபடி ஓடும்வரை அந்த வீட்டில் நடப்பதுதான் நாடகம்.

படப்பிடிப்புக்குப் பாதை கிடைக்கவில்லை. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கயிற்றுக் கைபிடியும் வைத்து வதனியே ஒன்றைச் செய்வித்தார். அதில் முதல் தடவை ஏறியபோது நான் கலிமா சொல்லிக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிரிப்பு அவ்வளவுதான். கமரா ஓடத் தொடங்கினால் வேறு ஆள். வீட்டுக்கார உம்மா, தாதிக்கு வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலுக்கென்று மீன் படாத புதுச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கும் காட்சி. சுபா அந்தச் சட்டியை வாங்கும்போது ஒவ்வொரு முறையும் அழுதுவிட்டார். பார்த்து நின்ற எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. வதனி மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார். கடைசியில் சுபாவின் பக்கத்தில் போய் இருந்து சொன்னார்: “அழுகிறது பாக்கிற ஆக்களின்ர வேலை சுபா. அதை நீ செய்து முடிச்சால் அவைக்கு என்ன மிச்சம்?”

நாடகம் பகுதி பகுதியாக ஒளிபரப்பானது. பத்திரிகை ஒன்றில் அரைப்பக்க விமர்சனம் வந்தது. எங்கள் மொழியில் இப்படியொரு நாடகம் வந்ததில்லை என்று புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதினார். பல்கலைக்கழகத்தில் காட்டிக் கலந்துரையாடினார்கள். இவ்வளவும் நடந்தது. பார்க்க வேண்டியவர்கள் மட்டும் பார்க்கவில்லை. அதே நேரத்தில் மற்ற அலைவரிசையில் எல்லோரும் பார்க்கும் நெடுந்தொடர் ஓடியது. எங்கள் பகுதிக்கு வெளியே ‘பாதை’ என்றால் மிதவை என்று யாருக்கும் தெரியாது. தலைப்பைக் கேட்டுவிட்டுச் சாவீட்டு நிகழ்ச்சி என்று நினைத்தவர்கள்கூட இருந்தார்கள். நிலையத்தில் பெயரை மாற்றச் சொன்னபோது வதனி மறுத்துவிட்டார்.

பார்க்காதவர்களில் என் மனைவியும் ஒருத்தி. ஒரு பின்னேரம் வதனி சொல்லாமல் வந்து நின்றார். எங்கள் நாடகம் போய்க்கொண்டிருக்கும் நேரம். உள்ளே என் மனைவி பௌசியாவும் அவளுடைய ராத்தாவும் அந்த நெடுந்தொடரில் மூழ்கியிருந்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. பௌசியா பதறிப்போய் அலைவரிசையை மாற்றப் போனாள். “விடுங்கோ ராத்தா, பாப்பம்” என்று பௌசியாவிடம் சொல்லிவிட்டு வதனி அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்:

“உண்மையைச் சொல்லுங்கோ ராத்தா. எங்கட நாடகத்தில என்ன பிடிக்கேல்ல?”

பௌசியா என்னைப் பார்த்தாள். பிறகு துணிந்து சொன்னாள்: “பிடிக்காம இல்ல புள்ள. உங்கட நாடகத்தில எங்கட ஊடுதான் வருது. எங்கட குசினி, எங்கட கத. அத நான் விடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இரிக்கன். பின்னேரமாவது வேற ஊடு ஒண்டப் பாக்க வேணாமா?”

வதனி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “சரிதான் ராத்தா” என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் சொன்னார்: “அரைப்பக்கம் எழுதின ஆள் சொல்லாததை உங்கட மனிசி சொல்லிப்போட்டா.”

பிறகு விருது விழா ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சிறந்த நடிகைக்கான இறுதிச் சுற்றில் சுபாவின் பெயர் இருந்தது. சுபா சல்லி என்ற கிராமத்தைச் சேர்ந்தவர், முன்பள்ளி ஆசிரியை. அவர் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று ஊரார் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதியும் கொடுத்து அனுப்பினார்களாம். நாங்கள் மூன்று பேரும் போனோம். மண்டபத்தில் நடுவரிசையில் இருந்தோம். பெயர் சொன்னார்கள். அது வேறு பெயர். சுபா கை தட்டினார். தட்டிய கையை மடியில் வைக்கத் தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார். வதனி மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வரும்போது நடுவர்களில் ஒருவர் எங்களை நிறுத்தி அன்பாகத்தான் பேசினார். “நல்ல படைப்பு. ஆனால் பாருங்கள், எல்லாவற்றையும் முழுதாகப் பார்க்க நேரம் எங்கே? உங்களுடையதில் முதல் பகுதியைத்தான் பார்த்தோம். அதிலும் பேச்சு பல இடங்களில் விளங்கவில்லை. பொதுவான தமிழில் எடுத்திருக்கலாம்.” வதனி நன்றி சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பினோம். சுபா யன்னல் பக்கம் திரும்பியபடி வந்தார். ஊருக்குப் போய் என்ன சொல்வது என்ற யோசனை. கந்தளாயில் தேத்தண்ணி குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். கடைக்காரப் பெண் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சுபாவை உற்றுப் பார்த்தார்.

“தங்கச்சி, நீங்கள் நேர்ஸ்தானே?”

“இல்லை அக்கா.”

“ரீவியில வந்த நேர்ஸ். மகனுக்குக் காய்ச்சல் எண்டு அக்கரையில கிடந்து துடிச்சீங்களே! பிள்ளைக்குச் சுகம் வந்ததோ? கடைசி நாள் எனக்குப் பாக்கக் கிடைக்கேல்ல. போட்டுப் பாத்தா கிரிக்கெட் போகுது. இண்டைக்கு வரைக்கும் எனக்கு அந்தப் பிள்ளையின்ர யோசனைதான்.”

உண்மைதான். கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்காகக் கடைசிப் பகுதியை நிறுத்திவிட்டு, அறிவித்தல் எதுவுமின்றி வேறொரு நாள் மத்தியானத்தில் போட்டிருந்தார்கள். வதனி கோப்பையைக் கீழே வைத்தார். “அக்கா, இருங்கோ, நான் சொல்லுறன்” என்று தொடங்கினார். அதற்குள் பஸ் ஹோர்ன் அடித்தது. நடத்துநர் வந்து கூப்பிட்டார்.

“நீங்கள் போங்கோ தம்பி. நாங்கள் அடுத்த பஸ்ஸில வாறம்.”

நடத்துநர் என்னைப் பார்த்தார். நான் போய்ப் பைகளை இறக்கினேன்.

பிறகு நடந்ததை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. அந்தக் கடைக்குள்ளேயே கடைசிப் பகுதி முழுவதையும் வதனி நடத்திக் காட்டினார். ஆட்கள் உட்காரும் வாங்கு ஒன்று பாதையானது. காலையிலிருந்து யன்னலையே பார்த்து வந்த சுபாவை இழுத்து அதில் நிற்க வைத்தார். சுபா முதலில் தயங்கினார். இரண்டாவது வசனத்தில் குரல் வந்துவிட்டது. தாதி வீட்டுக்கு ஓடி வருகிறாள். காய்ச்சல் விட்ட மகன் அவளிடம் வராமல் தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இத்தனை நாள் வராத அம்மாவோடு கோபம். மகனாக வதனியே நடித்தார், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று. அந்த உம்மா கட்டிக் கொடுத்த தொதல் இனிப்பைத் தாதி நீட்டுகிறாள். பையன் மெல்ல வந்து வாங்குகிறான்.

“இது ஆரம்மா தந்தது?”

“அக்கரையில இருக்கிற உன்ர பெரியம்மா.”

ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்து பார்த்தார்கள். கடைக்காரப் பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுக் கேட்டார்: “பிறகு? பெரியம்மாவைப் பாக்க அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதோ?”

வதனி திரும்பி என்னைப் பார்த்தார். நான் அதை எழுதியிருக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறியதும் அவர் சொன்ன முதல் சொல்: “அந்தக் கேள்வி எங்கள் ரெண்டு பேருக்கும் வரேல்ல, பாத்தீங்களே நானா.” திருகோணமலை வந்து சேரும்வரை அந்தப் பையன் பெரியம்மாவைப் பார்க்கப் போகும் பகுதியையே கதைத்துக்கொண்டு வந்தார். சுபாவும் சேர்ந்துகொண்டார். பஸ்ஸுக்குள் பாட்டுச் சத்தத்தைவிட இவர்கள் சத்தம் கூட. விருதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் பகுதியை நான் எழுதினேன். எடுக்கத்தான் முடியவில்லை. பேச்சை மாற்றினால் இடம் தருகிறோம் என்றது நிலையம். “பெரியம்மா எண்ட சொல்லை ஆன்ட்டி எண்டு மாத்தட்டாம் நானா. என்னால ஏலாது” என்று வதனி சொல்லிவிட்டார். வீட்டுக்கு வருமானம் வேண்டும். அதன் பிறகுதான் மொழிமாற்ற வேலைக்குப் போனார். வேண்டா வெறுப்பாகப் போகவில்லை. அந்த மாமியாருக்குக்கூட, திட்டி முடிந்த பிறகு ஒரு பெருமூச்சு வைத்தவர் அவர். மூலத்தில் அந்தப் பெருமூச்சு இல்லையாம்.

நான்தான் கசந்து போயிருந்தேன். ஒருநாள் அவருடைய வீட்டில் இருந்துகொண்டு, சனத்துக்கு ரசனை செத்துப்போய்விட்டது என்று பொரிந்து தள்ளினேன். வதனி என்னோடு கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ நானா. சனம் நாள் முழுக்க மாய்ஞ்சுபோட்டு வந்து இருக்குது. அதைக் குற்றம் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? நேரம் மாத்தினதைச் சொல்லுங்கோ, பாக்காமலே தீர்ப்புச் சொன்னதைச் சொல்லுங்கோ, நானும் சேர்ந்து சண்டை பிடிக்கிறன். சனத்தைச் சொல்லாதேங்கோ.” கொஞ்சம் பொறுத்து, “அதுக்காக நாங்கள் எடுத்த விதம் பிழை எண்டும் நான் சொல்ல மாட்டன்” என்றார்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். கட்டிலில் சாய்ந்தபடி, “புதுசா என்ன எழுதினீங்கள்? வாசியுங்கோ” என்றார். ஒரு சிறுகதை என்னிடம் இருந்தது. வாசித்தேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால் கண்களை மூடியிருந்தார். களைப்பு, தூங்கட்டும் என்று நான் சத்தமில்லாமல் நிறுத்தினேன்.

“ஏன் நிப்பாட்டினீங்கள்? நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்.”

கண்களைத் திறக்காமலே சொன்னார். நான் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

வதனியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம். இப்போதெல்லாம் எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டும்போது, எதிரில் இருப்பவர் கண்ணை மூடினாலும் நான் நிறுத்துவதில்லை.