பனி படியாத தகரம்

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் குறுகிய ஒழுங்கைக்கு மேலே ஹெலி, ஆமியின் ஹெலிகொப்டர், தாழப் பறந்தது.
2. மறுநாள் பின்தெருவில் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்து, ஆமி இரண்டு இளைஞர்களைக் கொண்டு போனது.
3. கூரைக்குள்ளால் சூட்டைப் பார்க்கும் கமரா அந்த ஹெலியில் இருப்பதாகச் சந்தையில் கதை வந்தது. ஆட்கள் ஒளிந்திருந்தால் உடற்சூடு அதில் வெள்ளையாகத் தெரியுமாம்.
4. எங்கள் வீட்டில் சூடான அறை ஒன்று இருந்தது.

விவசாய டிப்ளோமா முடித்து வந்த நான், பின்னறையில் வைக்கோல் காளான் வளர்த்தேன். ஊறவைத்த வைக்கோலைக் கட்டுக்கட்டாக அடுக்கிப் பொலித்தீனால் மூடினால் அது தானாகவே சூடேறும். வெப்பமானி மனித உடம்பின் சூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. காளானுக்கு அதுதான் வேண்டும். இப்போது அந்த எண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. என் அண்ணன், காக்காவுக்கு இருபத்தைந்து வயது. பிடித்துக்கொண்டு போகிற வயது.

"கமராவாம்! உன்ட காளானப் பாத்து, பத்துப் பேர் படுத்திரிக்காங்க எண்டு நினைப்பானுகள்," என்று காக்கா சிரித்தார்.

"வாய மூடு மனே," என்றார் உம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள, நீ படிச்சவதானே? அப்பிடிக் கமரா இரிக்கா?"

"தெரியாது உம்மா."

அந்தப் பதில் எனக்கே போதவில்லை. விடியலில் சுபஹ் தொழுதபின் வெளியே வந்து பார்த்தேன். மார்கழிப் பனியில் ஒழுங்கையின் தகரக் கூரைகள் எல்லாம் நனைந்து கிடந்தன. எங்கள் பின்னறைத் தகரம் மட்டும் உலர்ந்திருந்தது. அதன் நடுவில் பக்கத்து வீட்டுப் பூனை நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. இதற்குக் கமரா தேவையில்லை.

அறையை ஆறவைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். அதுதான் பிழை. அடைபட்டிருந்த ஆவி வெள்ளையாகப் புரண்டு முற்றத்துக்கு வந்தது. அதே நேரம் காரைதீவுப் பக்கமிருந்து ஹெலிச் சத்தம்.

"சாத்து புள்ள, சாத்து!" என்று உம்மா கத்தினார்.

சாத்தினேன். காக்கா சுவரோடு ஒட்டி நின்றார், சிரிக்கவில்லை. சத்தம் தலைக்கு மேல் வந்தது, நின்றதுபோல் இருந்தது, பிறகு கடல் பக்கம் போனது.

முற்பகலுக்குள் கட்டுகளை எல்லாம் இழுத்து முற்றத்தில் பிரித்துப் போட்டோம். மொட்டுவிட்டிருந்த காளான்கள் வெயிலில் சுருங்கின. கடைசிக் கட்டைக் காக்காதான் தூக்கினார்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. காக்கா வேலைக்குப் போய் வருகிறார். பின்னறை வெறுமையாகக் கிடக்கிறது. விடியலில் அதன் தகரமும் இப்போது நனைகிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். கமரா இருந்ததா என்பது எனக்கு இன்னும் தெரியாது.