நெலிதா விட்ட கை

நெலிதாவுக்கு ஜப்பான்காரர்களைவிட ஜப்பான் மரியாதை அதிகம் தெரியும். பெரு நாட்டிலிருந்து வந்தவள். இருபத்தேழு வருடமாக இந்த ஊர்ச் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று, பெட்டிச் சோற்றின்மேல் உப்பில் ஊறிய பிளம் பழத்தை வைக்கிறாள். நானும் பெருக்காரிதான், ஆனால் எனக்கு வாய் நீளம். ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காராவிட்டால் அந்த இடத்தில் என் பையை உட்கார வைத்துவிடுவேன். அவள் அப்படியில்லை. எதிரே வருகிறவன் சைக்கிளில் மோதினாலும் இவள்தான் குனிந்து மன்னிப்புக் கேட்பாள். எப்போது சொந்த ஊருக்குத் திரும்புவீர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்டால், முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"எதுக்குடி இவ்வளவு பணிவு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சத்தமில்லாம இருந்தா நாம இருக்கறதையே மறந்துடுவாங்க. அது போதும்டி எனக்கு."

போன ஜனவரியில் ஒரு மதியம் ஊர் ஒலிபெருக்கி பேசியது. எண்பத்தாறு வயது ஆண், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலையிலிருந்து காணவில்லை. இங்கே வயதானவர்கள் இப்படி நினைவு தப்பிக் கிளம்பிவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

வேலை முடிந்து வரும் வழியில் நெலிதா அவரைக் கால்வாய்க் கரையில் பார்த்தாள். வீட்டுக்குள் போடும் செருப்போடு தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தார். தன் சால்வையை அவர் கழுத்தில் சுற்றி, கையைப் பிடித்துக்கொண்டாள். பாலத்தைத் தாண்டினால் காவல் சாவடி.

"நீ எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தான் தாத்தா."

"பொய் சொல்றே," என்று சிரித்தார். "சரி, வீட்டுக்குப் போலாம். அம்மா சமைச்சிருப்பா."

பாலத்தில் எதிரே ஒரு கணவனும் மனைவியும் நாயோடு வந்தார்கள். சால்வையையும் பிடித்திருந்த கையையும் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"ஐயா, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அந்த அம்மாள்.

"தெரியாதே."

"எங்க கிளம்பினீங்க?"

"வீட்டுக்கு," என்றார், தடுமாற்றமே இல்லாமல்.

"இவரைத்தான் தேடறாங்க, ஒலிபெருக்கில சொன்னாங்க," என்றாள் நெலிதா.

"உங்களை நாங்க ஒண்ணும் கேக்கலையே. தயவுசெஞ்சு கையை விடுங்க," என்றான் கணவன். குரலில் கோபமே இல்லை. "நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி விட்டுவிட்டாள். அந்த அம்மாள் சால்வையை அவிழ்த்து, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நெலிதா குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தாள்.

பாலத்தின் முனையில் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தாத்தாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நாயோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வந்த வழியே கரைப்பக்கம் திரும்பியிருந்தார். அந்த அம்மாள் மட்டும் இவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தாத்தாவின் பின்னால் போக நெலிதாவுக்குக் கால் வரவில்லை. காவலர்களுக்குப் போன் செய்தாள். பெயர் என்ன, எந்த நாடு, குடியிருப்பு அட்டை எண் என்ன என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாம் சொல்லி முடித்தபோது கரையில் யாருமில்லை.

இருட்டும் நேரத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி மறுபடி பேசியது. தேடப்பட்டவர் கிடைத்துவிட்டார், ஒத்துழைப்புக்கு நன்றி. உயிரோடு கிடைத்தால் 'நலமாக' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள். இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பை இரண்டு தடவை படிப்பார்கள் என்பதால் நெலிதா ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். இரண்டாம் தடவையும் அந்த வார்த்தை வரவில்லை.

அந்தக் கணவனையும் மனைவியையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அவங்களை விடுடி," என்றாள் நெலிதா. "நான் மன்னிப்புக் கேட்டேனே, யார்கிட்ட கேட்டேன் தெரியுமா? அவங்ககிட்ட. அப்போ தாத்தா முகத்தைக்கூட நான் பாக்கலை."