நோன்பு மாதத்துச் சோதனை

கல்யாணமான மறுவருஷம் அந்தமானுக்குக் கப்பலேறினேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. என் வீட்டுக்காரருக்கு ஹேடோ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற வேலை. எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ், ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். இடுக்குகளில் பழந்துணியைத் திணித்துப் பார்த்தேன். காற்று நின்றது, சத்தம் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கணவருக்குச் சரக்கு இறக்கும்போது முதுகில் அடிபட்டிருந்தது. பாதி நாள் வேலைக்குப் போகமாட்டார். அதனால் அக்கா வீட்டிலேயே சாராயம் விற்றார். சாயங்காலமானால் ஆட்கள் வந்துவிடுவார்கள். சீட்டாட்டமும் கெட்ட வார்த்தைகளும் சிரிப்புமாக அந்த வீடு அதிரும். சரியாக எனக்கு மஃரிப் தொழுகிற நேரம்.

அதே அக்காதான் என் பிள்ளையைக் கையில் ஏந்தியவர். கடும் மழை பெய்த ஒரு மத்தியானம் எனக்கு வலி எடுத்துவிட்டது. வீட்டுக்காரர் கப்பலில் இருந்தார். அக்கா கதவைத் தட்டிக் கேட்காமலே உள்ளே வந்து, எல்லாவற்றையும் பார்த்து, என் துணிகளையும் அவரே அலசிப் போட்டார். அந்தக் கையை நான் எப்படி வெறுக்க முடியும்? ஆனால் அந்தக் கைதான் சாராயமும் ஊற்றிக்கொடுத்தது.

ஊரில் ஓதும்போது இஹ்ஸான் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அல்லாஹ்வை நேரில் பார்ப்பதுபோல வணங்க வேண்டும். நம்மால் பார்க்க முடியாவிட்டாலும் அவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வேண்டும். ஊரில் அது எனக்குச் சுலபமாகத்தான் தெரிந்தது. இங்கே தக்பீர் கட்டி நின்றால் காது சுவருக்குப் போய்விடும். எந்தக் குரல் யாருடையது, யார் ஜெயிக்கிறான் என்றெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் ருகூவில் குனிந்திருக்கும்போது அந்தப் பக்கம் எவனோ ஒரு வேடிக்கை சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டே சிரித்துவிட்டேன். மறுபடி கை கால் முகம் கழுவி ஒளு செய்து முதலிலிருந்து தொழுதேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே போய் உட்கார ஆரம்பித்திருந்தார்.

"நான் குடிக்கலையே புள்ள. சீட்டையும் தொடல. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்கார நம்ம வீட்டுல இடமில்லையா?"

"கூட வேலை பாக்குறவனுங்க. கூப்புட்டா எப்படி மாட்டேங்கிறது?"

அவர் கழற்றிப் போடும் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். வாடை இருக்கும். பக்கத்தில் இருந்தவனுடையதா, இவருடையதா? சட்டை என்ன சொல்லும்! ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், 'யா அல்லாஹ், அந்த வீட்டை அடக்கிவிடு' என்று துஆக் கேட்டேன்.

நோன்பு மாதம் வந்தது. பிற்பகல் அஸர் தொழுது முடித்துக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது பின்வாசலில் அக்கா நின்றார். இரண்டு கையிலும் சாராயம் நிரப்பி மூடி போட்ட மண்ணெண்ணெய் டின்கள். மூச்சு வாங்கியது.

"ஏளா, போலீசு வருதாம். ஆபீஸ் பியூன் சொல்லிட்டுப் போறான். இத உன் கட்டிலுக்கு அடியில தள்ளிக்க. தொழுகுற வீடு, உள்ள ஒருத்தனும் கால் வைக்க மாட்டான்."

'அடக்கிவிடு' என்று நான் கேட்டது இப்படியா வந்து நிற்கிறது?

"அக்கா, வேற எது வேணும்னாலும் கேளுங்க. இது மட்டும் முடியாது."

"உன் பிள்ளையத் தூக்குன கைளா இது."

"தெரியும்க்கா. சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா இத உள்ள வாங்கமாட்டேன்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பிப் போய், இரண்டு டின்னையும் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார். லைன் முழுக்க வாடை பரவியது.

போலீஸ் வந்துவிட்டது. காலி டின்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதிகாரி என் வாசலுக்கு வந்தார்.

"பஹன்ஜி, நீங்க நமாஸி, தொழுகுறவங்க. பொய் சொல்லமாட்டீங்க. அந்த வீட்டுல சாராயம் விக்குறாங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

பிள்ளை இடுப்பில் இருந்தான். அக்கா தன் வாசலில் நின்று என் வாயையே பார்த்தார். நோன்பு வைத்த வாயால் பொய் சொல்ல முடியாது. என் பிள்ளையை ஏந்தியவரைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் சொன்னேன்: "என் வீட்டைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அவங்க வீட்டைப் பத்தி அவங்ககிட்டயே கேளுங்க."

அவருக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நேராக உள்ளே வந்தார். அரிசிப் பானையைத் திறந்தார், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தொழுகைப் பாயை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போனார்.

அக்காவையும் கணவரையும் போலீஸ் தாணாவுக்குக் கூட்டிப்போனார்கள். அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றன. உள்ளே கூட்டிவந்து கஞ்சி கொடுத்தேன். நோன்பு திறக்க வந்த என் வீட்டுக்காரர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மறுநாள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். அக்கா தன் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தபோது, "சாப்பிட்டுச்சுகளா?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு குழாயடியில்கூட முகம் கொடுக்கவில்லை. சில மாதங்களில் அவர்களைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிப்பிகாட் பக்கம் விவசாயக் கூலிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பெருநாளைக்கு ஆள் மூலம் கறி கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, சொல் ஒன்றும் கூட வரவில்லை. நான் செய்தது சரி என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இருந்தும் அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

சீட்டாட்டம் நிற்கவில்லை, துறைமுகக் கொட்டகைக்கு இடம் மாறியது. ஒருநாள் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் நேராகவே கேட்டேன்.

"அங்க போனீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"இன்னைக்குப் போகல. நாளைக்கு எப்படின்னு எனக்கே தெரியல புள்ள. நீ கேட்டுக்கிட்டே இரு. நீ கேப்பேங்கிற பயம் இருந்தாத்தான் கால் வீட்டுப் பக்கம் திரும்புது."

நான் தினமும் கேட்டேன்.