பாரிஸ் கொம்யூனைப் பாடம் நடத்தியவர்

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபிலோமினா டீச்சரின் தம்பி பேசினார். "அக்கா தவறிட்டாங்க டீச்சர்." துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி பயந்தால் யார் பக்கத்தில் போய் நிற்பது?

ஃபிலோமினா டீச்சர் ஒதியம்பட்டில் பிறந்தவர். பாகூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் அவர் சரித்திரம், நான் தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா வந்தால் வகுப்பை நான்காகப் பிரித்துவிடுவார். மன்னரும் திருச்சபையும் வேண்டும் என்போர், தனிமனித உரிமை கேட்போர், ஒரே மொழியினருக்கு ஒரே நாடு என்போர், ஆலை தொழிலாளிக்கே என்போர். "புடிக்காத கட்சிக்குப் பேசுங்க. அப்பதான் எதிராளி ஏன் அப்டி நெனைக்கிறான்னு தெரியும்" என்பார். ஞாயிறு பூசை தவறாத அவரே திருச்சபைக்கு எதிராக வாதாடியதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு வருடம், தேர்தல் நெருங்கிய சமயம். பாரிஸ் தொழிலாளர்கள் நகரைக் கைப்பற்றிக் கொம்யூன் என்று தங்கள் ஆட்சியை அமைத்ததையும், படை வந்து அவர்களைச் சுட்டதையும் நடத்தினார். புதுச்சேரியில் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்றுதான் பெயர்; எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த கொம்யூன் அந்த ஆபீஸ் ஒன்றுதான். மறுநாளே, 'கொம்யூனைப் புடிக்கச் சொல்லி டீச்சர் தூண்டுறாங்க' என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு மாணவியின் தகப்பனார், கட்சிப் பிரமுகர், உருட்டுக்கட்டையோடும் ஆட்களோடும் வந்துவிட்டார். தலைமையாசிரியர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா, கொம்யூன் ஆபீசக் கொளுத்தச் சொன்னியா?"

வகுப்பு வாசலை மறித்து நின்றார் ஃபிலோமினா டீச்சர். முகம் வெளுத்திருந்தது. "உள்ள புள்ளைங்க இருக்காங்க. கட்டையக் கீழ போடுங்க. இன்னா நடத்துனேன்னு உங்க பொண்ணையே கேளுங்க."

அந்தப் பெண் எழுந்தாள். "அப்பா, அது பிரான்சுப்பா. நான் ராஜா கட்சிப்பா. நான்தான் ஜெயிச்சேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். மகள் தன்னைக் கண்டு நடுங்குவதை அவர் பார்த்தார். கட்டை தாழ்ந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அவர்கள் போனதும் டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் உசுரே போயிடுச்சு டீச்சர். ஆனா நான் நவுந்தா அவங்க புள்ளைங்க முன்னாலதானே போய் நிப்பாங்க?"

பிறகு பல வாரங்கள் யாரோ ஒருவரின் பைக் அவர் ஸ்கூட்டியின் பின்னாலேயே வந்தது. பின்னிருக்கையில் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். "பாக்காதீங்க, எனக்கும் பயம் வருது" என்பார். ஜெபம் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் அந்த பைக் வரவில்லை. யாரென்று கடைசிவரை தெரியவும் இல்லை. அடுத்த ஆண்டும் அதே பாடத்தை அப்படியேதான் நடத்தினார்.

போன வாரம் பார்த்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய். "பயமா இருக்கு டீச்சர். கையப் புடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டேன்.

வில்லியனூர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கட்சிக் கரைவேட்டிகள் எதிரெதிரே நின்றன. இருதரப்பும் அவரிடம் படித்தவர்கள். ஊரில் அடித்துக்கொண்டு வழக்குக்கு அலைபவர்கள். இங்கேயும் கை ஓங்குவார்களோ என்று அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை இறக்கும்போது மழையில் ஊறிய குழியோரம் சரிந்தது. ஒருவர் வழுக்க, எதிர்க்கட்சிக்காரர் எட்டி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பாத்துடா, ஈரம்." இருவரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்து, மெல்ல, மெல்ல விட்டார்கள்.

பயப்படாமல் போய் வாருங்கள், டீச்சர்.