ரேடியோ அக்கா தேர்தலில் நின்றபோது

பகல் பதினொரு மணி ஆனால் ஆத்தங்குடிப் பக்கத்து டைல்ஸ் கொட்டகைகளில் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். கைகள் மட்டும் டைல்ஸ் வார்க்கும் கண்ணாடி மேல் கலர் ஊற்றிக்கொண்டிருக்கும். கல்யாணசுந்தரி அக்கா ரேடியோவில் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

காரைக்குடியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன எஃப்.எம். அது. நாலு ஊர் தாண்டினால் கரகரப்புதான் மிஞ்சும். அக்கா எங்கள் ஊர்க்காரர், பத்தாவது வரை படித்தவர். வீட்டுக்காரர் ஐயனாருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. வத்தல் போடுவதைப் பற்றி ஒருநாள் பேசப் போனவரை அந்த டிரஸ்ட்காரர்கள் அப்படியே பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

நான் முஜிபுர் ரகுமான், அதே ஊர். காரைக்குடி செக்காலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா சொல்லுக்கு இருந்த மரியாதையைக் கண்ணால் பார்த்தவன். கால்நடை முகாமுக்கு அதிகாரிகள் கரடியாய்க் கத்தினாலும் எங்கள் ஊரில் ஒரு ஆடு அசையாது. "ஆட்ட இழுத்துக்கிட்டு வாங்கடி, நானும் எங் கிடாயோட நிக்கிறேன்" என்று அக்கா சொன்னால் மறுநாள் வரிசை தெருமுனை வரை நிற்கும். சட்டமன்றத் தேர்தலின்போது, "பொத்தான அமுக்குனா வெளக்கு எரியுதான்னு பாத்துட்டு வாங்க" என்றார். கிழவிகள் எல்லாம் பூத்தில் விளக்கைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள்.

இத்தனை செல்வாக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் பலிக்கவில்லை. எங்கள் ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மண் கொட்டி மேடாக்கி மனை பிரித்துவிட்டார்கள். பிரித்தது ஊராட்சித் தலைவர் தங்கச்சாமியின் மச்சினன். ஊருணிதான் எங்களுக்குக் குடிதண்ணீர். போர் போட்டால் உப்பு. யார் பெயரையும் சொல்லாமல் அக்கா எத்தனையோ நாள் வரத்துக்காலைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு கூடை மண் நகரவில்லை.

"பேசிப் பேசி வாய்தான் வலிக்குது தம்பி" என்றார் ஒருநாள் என் ஆட்டோவில் வரும்போது. "தலைவராகி ஒரு தீர்மானம் போட்டா அந்த மண்ண அள்ளிரலாம். நின்னு பாக்கப்போறேன்."

கடைசி நிகழ்ச்சியில் அதை நேர்மையாகவே சொன்னார். தேர்தலில் நிற்பவர் ரேடியோவில் பேசக் கூடாது, அதனால் நாளை முதல் வர முடியாது, ஜெயித்தாலும் தலைவர் வேலைதான், இங்கே இருக்க முடியாது என்றார். நேயர்கள் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டார். வாய் நிறையப் பொய் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்கிற உலகத்தில் இப்படியும் ஒரு மனுஷி!

என் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சுற்றினோம். போன இடமெல்லாம் ஆரத்தி. மறுபடி நின்ற தங்கச்சாமியோ அக்காவைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "அந்தம்மா கொரலுக்கு ஈடு உண்டா? அவுகள ஆபீசு நாற்காலியில உக்கார வச்சு வீணாக்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். மனுஷன் தோற்கப்போகிற பயத்தில் உளறுகிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

எண்ணி முடித்தபோது தங்கச்சாமி ஜெயித்திருந்தார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு கொட்டகைப் பெண்கள் மாற்றிப் போட்டிருந்தால் போதும்.

மறுநாள் காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். டைல்ஸ் கொட்டகையில் வேலை செய்யும் பொன்னுத்தாயி ஒரு தூக்குச்சட்டி நிறையப் பணியாரத்தோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, திங்கக்கெழமையிலேருந்து வந்துருவீகல்ல?"

"எங்கடி?"

"ரேடியோவுக்குத்தான். நீங்க ஜெயிச்சா வரமாட்டேன்னு சொல்லிட்டீக. அதான் கொட்டகையில எல்லாரும் பேசிக்கிட்டு தங்கச்சாமிக்கே குத்திட்டோம். நீங்க இல்லாம பொழுதே போக மாட்டேங்குதுக்கா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அறிவிருக்கா ஒனக்கு?" என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஒரு பணியாரத்தை எடுத்து மெதுவாகத் தின்றார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அவள் போன பிறகுதான் அடுப்படிக்குப் போய் அழுதார்.

திங்கட்கிழமை நானே அவரைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். டிரஸ்ட் மேனேஜர் காபி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். தேர்தலில் நின்றவரை மறுபடி மைக்கில் உட்கார வைத்தால் டிரஸ்டுக்கு அரசியல் சாயம் பூசிவிடுவார்களாம். லைசென்சுக்கே ஆபத்தாம். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். தலைவராகக் கேட்டவர்களுக்கும் அக்கா இல்லை, ரேடியோவில் கேட்டவர்களுக்கும் இல்லை என்று ஆயிற்று. பதினொரு மணிக்கு இப்போது பாட்டுப் போடுகிறார்கள்.

தங்கச்சாமி தந்திரக்காரர், அவரைத் திட்டி என் மனதை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் அக்காவுக்கு விழாமல் போன ஓட்டில் ஒன்றுகூட அக்காவைப் பிடிக்காதவர்கள் போட்டதில்லை. மண்ணை அள்ளத்தான் ஓட்டு என்று நாங்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. வந்த தண்ணீரெல்லாம் மனைகளைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஓடி வீணானது. மாசி பிறக்கும் முன்பே ஊருணியில் சேறு தெரிந்தது, டேங்கர் வந்தது. குடங்களோடு நின்ற கூட்டத்தில் அக்காவும் நின்றார், பின்னால் பொன்னுத்தாயி.

"நீங்க மட்டும் ரேடியோவில இருந்திருந்தா இந்தக் கொடுமையப் பத்திப் பேசியிருப்பீகல்லக்கா?" என்றாள் அவள்.

"பேசியிருப்பேன் பொன்னு" என்றார் அக்கா, கோபமே இல்லாமல். "மண்ண யாரு அள்ளியிருப்பா?"

பொன்னுத்தாயி அவர் முகத்தைப் பார்க்காமல் வரிசையை விட்டு விலகி, காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.