பாயிண்ட் சேர்த்த வருடம்

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் மருந்துக்கடைக்கு வெளியே ஏதோ வங்கியின் ஆட்கள் மேசை போட்டிருந்தார்கள். என் இரண்டு கைகளிலும் அப்பாவுக்கான பேம்பர்ஸ் பொட்டலங்கள். மேசைக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பெண் எழுந்து வந்து, கேட்காமலேயே ஒரு பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்கலா, அக்கா. வருஷத்துக்கு எத்தன தடவ பிளைட் ஏறுவீங்க?"

அதுவரை நான் ஒரே ஒரு முறைதான் விமானம் ஏறியிருந்தேன். கூச்சிங்கில் ஒரு ஆசிரியர் பயிற்சிக்காக. ஆனால் "நாலஞ்சு தடவ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். பேம்பர்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எங்கோ போகிறவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அப்படி யாரும் என்னைப் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

"அப்ப இந்த கார்டுதான் உங்களுக்கு. எது வாங்குனாலும் பாயிண்ட். பாயிண்ட்ல டிக்கெட் எடுக்கலாம். ஏர்போர்ட்ல லவுஞ்ச் ஃப்ரீ. சோபால சாஞ்சிக்கிட்டு சாப்புடலாம், அக்கா."

இடைநிலைப்பள்ளி ஆசிரியையின் சம்பளம் அந்த அட்டைக்கு வேண்டிய வரம்பைச் சரியாகத் தொட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அப்பா சுங்காய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவர். வேலை ஓய்ந்த பிறகு புந்தோங்கில் இந்த வீட்டை வாங்கினார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது அண்ணன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் குடியேறி வெகு நாளாகியிருந்தது. நான் கல்யாணமாகாதவள், கூடவே இருந்தவள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. காலையில் அவரைத் துடைத்து, மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து துணைக்கு உட்கார்ந்திருப்பார். நான் திரும்பும்வரை அப்பா வேறு யார் கையாலும் ஒரு வாய் வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு பரலோகத்துல பெரிய பலன் இருக்கும்மா" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

விண்ணப்பத்தைச் சரிபார்க்க வங்கியிலிருந்து கூப்பிட்டபோது அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பதில் சொன்னேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள, உங்கள் வீட்டில் வசிக்காத ஒரு உறவினரின் உள்ளூர் எண் வேண்டும் என்றார் அந்த அதிகாரி. அண்ணன் எண் வெளிநாட்டு எண், செல்லாது. வேறு யார்? ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவை ஒன்றுவிட்ட அக்காவாக்கி அவர் எண்ணைக் கொடுத்தேன்.

அட்டை கறுப்பு நிறத்தில், கனமாக வந்தது. அப்பா இடது கையை நீட்டி வாங்கிப் பார்த்தார்.

"என்னாது?"

"பேங்க் கார்டுப்பா. பிளைட்ல போறவங்களுக்கு கொடுக்கறது."

அவர் முகம் மாறியது. "எங்க போற?"

"எங்கயும் போகலப்பா."

அன்றிலிருந்து நான் கைப்பையை எடுக்கும்போதெல்லாம் கேட்டார். குப்பை போட வெளியே போனால்கூடக் கேட்டார். "எங்க போற, பாப்பா?" எனக்கு நாற்பத்தாறு வயது.

பேம்பர்ஸ், பால்மாவு, மருந்து, சக்கர நாற்காலிக்குப் புது டயர், எல்லாவற்றையும் அந்த அட்டையில்தான் வாங்கினேன். பாயிண்ட் ஏறியது. என்னை வீட்டில் கட்டிப்போட்ட பொருள்களே என் டிக்கெட்டாகச் சேர்ந்துகொண்டிருந்தன. இரவில் படுத்துக்கொண்டு போனில் பாயிண்ட் எண்ணிக்கையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

டிசம்பர் விடுமுறைக்கு வந்து அப்பாவோடு இருக்கும்படி அண்ணனைக் கேட்டேன். "டிக்கெட் வெல ரொம்ப ஏறிப்போச்சுலா" என்றார். சரி, நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். பாதிக்கு மேல் பாயிண்ட் அதிலேயே போயிற்று. மிச்சத்தில் எனக்குக் கோத்தா கினாபாலுவுக்கு ஒரு டிக்கெட். கடல் தெரிகிற அறையை மட்டும் சொந்தக் காசில் பிடித்தேன்.

அண்ணன் வந்தார். இரண்டு நாள் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். குளிப்பாட்ட அண்ணன் அப்பாவின் கைலியை அவிழ்த்ததும் அப்பா தொடைகளை இறுக்கிக்கொண்டு அழுதார். "நீ போ. பாப்பாவ கூப்புடு."

குளியலறை வாசலில் அண்ணன் நனைந்த சட்டையோடு நின்றார். "நீதான் இப்படி பழக்கி வச்சிருக்க. வேற யாரையும் தொடவிட மாட்டேங்குறாரு."

"பழக்கறதுக்கு வேற யாரு இருந்தாங்க, அண்ணே?"

அவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். நான் கிளம்பினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், எங்கே போகிறாய் என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

பேருந்தில் விமான நிலையம் போய், லவுஞ்ச் வாசலில் அட்டையை நீட்டினேன். உள்ளே விட்டார்கள். நிஜமாகவே சோபா இருந்தது. ஒரு தட்டில் மீ கோரெங் நூடுல்ஸும் கேக்கும் எடுத்துவந்து உட்கார்ந்தபோது வீடியோவில் அண்ணன் கூப்பிட்டார்.

"வாயே தொறக்க மாட்டேங்குறாரு. காலையிலேர்ந்து ஒன்னும் எறங்கல. நீ பேசு."

திரையில் அப்பாவின் முகம். "அப்பா, ஆ காட்டுங்க." அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. அண்ணனின் கை கரண்டியோடு வந்தது. "முழுங்குங்க. இன்னொரு வாய்." அக்கம்பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஞ்சி தீரும்வரை நான் கரண்டி கரண்டியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தட்டு அப்படியே இருந்தது. விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.

கோத்தா கினாபாலுவில் அறை விடுதிக்காரர்கள் சொன்ன மாதிரியே இருந்தது. சன்னலைத் திறந்தால் கடல். ஆனால் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் போய் வரமுடியுமோ அவ்வளவுதான் போனேன். தீவுக்குப் படகில் அழைத்தார்கள், அங்கே போனுக்கு லைன் இருக்குமா என்று கேட்டேன். சில சமயம் இருக்காது என்றார் படகுக்காரர். கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அலை என் கணுக்கால்வரை வந்துகொண்டிருக்க, "ஆ காட்டுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறேன். அழுகை வந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்கப் போனை மேலே தூக்கி வானத்தைக் காட்டினேன்.

திரும்பி வந்த அன்று அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கும்வரை விடவில்லை. அவர் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அதுதான் பெரிய சங்கடம். கோபமாவது வந்திருந்தால் விலகி நிற்கக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.

அண்ணன் பெட்டியைக் காரில் ஏற்றும்போது உற்சாகமாகவே சொன்னார். "அடுத்த வருஷமும் பாயிண்ட் சேத்து வையி. வாரேன்."

"சேக்க மாட்டேன், அண்ணே. நீங்க உங்க காசுல வாங்க. வந்து ரெண்டு வாரமாச்சும் இருங்க. அவரு உங்ககிட்டயும் பழகணும்."

நான் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் காரின் கதவைத் திறந்தார். "பாப்போம்லா" என்றார்.

இந்த வருடம் அவர் இன்னும் வரவில்லை. வாரக் கடைசிகளில் நான் கேட்காமலே வீடியோவில் கூப்பிடுகிறார். அப்பாவுக்கு எதிரே போனை நிறுத்திவைத்துவிட்டு நான் பின்கட்டில் துணி உலர்த்துகிறேன். சில நாள் அப்பா அவரோடு பேசுகிறார். சில நாள், பேச்சு நடுவிலேயே "பாப்பா" என்று என்னைக் கூப்பிடுகிறார். போகத்தான் வேண்டியிருக்கிறது.